ஈரான் போர்ச் செய்தியில் குர்து மக்கள் யார் பக்கம்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்

குளச்சல் வள்ளக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. இப்போது தடைக்காலம், ஜூலை 31 வரை விசைப்படகு கரையில்தான் கிடக்கும். கிழிந்த வலையைத் தைப்பதும் கைபேசியில் செய்தி பார்ப்பதுமாக நாள் போகிறது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து 24-ஆம் தேதி சண்டை நிற்கும் வரை பன்னிரண்டு நாளும் எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இங்கிருந்து ஈரான் லாஞ்சுகளில் மீன்பிடிக்கப் போனவர்கள் அவ்வளவு பேர். கீஷ், அசலூயே என்ற பெயர்கள் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தூத்துக்குடி, கொச்சி மாதிரிப் பழகிப் போனவை.

நானும் 2018 முதல் 2020 வரை கீஷ் தீவில் இருந்தேன். கொரோனா வந்து விமானம் நின்ற பிறகு கரையில் தங்க இடமில்லாமல் லாஞ்சிலேயே மாதக்கணக்கில் கிடந்தோம். கடைசியில் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் வந்தது. அதில் வந்து 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறங்கிய 687 பேரில் நானும் ஒருவன்.

நாங்கள் லாஞ்சில் கிடந்த அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த ஒருவன் எங்களுக்குச் சோறு போட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளி சம்பளம் தராமல் இழுத்தடித்த காலம் அது. இவன் சாயங்காலம் மிச்ச ரொட்டியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து படகின் விளிம்பில் வைத்துவிட்டுப் போவான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான், மீன் கொடுத்தால் வாங்குவான். ஒருநாள் வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரையை நறுக்கி உள்ளே வைத்து மெல்லிசாக ஒரு ரொட்டி சுட்டுக் கொண்டு வந்தான். எங்கள் ஊர் ரொட்டி, பெயர் கலானே என்றான். பாரசீகத்தில் மீனுக்கு மாஹி என்று எங்களுக்குத் தெரியும். அவன், எங்கள் மொழியில் மாஸி என்றான். எனக்கு உடம்பே சிலிர்த்தது. மாசிக் கருவாட்டைத் தின்று வளர்ந்தவனிடம் வந்து ஒருவன் மீனுக்கு மாஸி என்கிறான்! அன்றைக்குத்தான் அவன் பாரசீகன் இல்லை, குர்து என்று தெரிந்தது. ஊர் ஈரானின் மேற்கே குர்துகள் வாழும் சக்கேஸ்.

அவன் வலது தோளில் கயிறு அறுத்த தழும்பு ஒன்று இருந்தது. விரல் தடிமனுக்கு, கருத்துப்போய், தோள்பட்டையிலிருந்து நெஞ்சு வரை. முன்பு அவன் கோல்பராக இருந்தானாம். இராக் எல்லையிலிருந்து மலை வழியாக முதுகில் சரக்கு சுமந்து ஈரானுக்குள் கொண்டுவருகிறவர்களை அப்படிச் சொல்கிறார்கள். சிகரெட், டிவி, டயர், தேயிலை எல்லாம் அப்படித்தான் வருமாம். பனியில் சறுக்கி விழுந்து சாவார்கள், எல்லைக் காவலர் சுட்டும் சாவார்கள். நாங்கள் இருந்தபோதே, 2019 டிசம்பரில், மரிவான் பக்கத்து மலையில் பதினேழு வயது அண்ணனும் பதினான்கு வயது தம்பியும் சுமை தூக்கப் போய்ப் பனியில் உறைந்து செத்தார்கள். அந்தச் செய்தியைக் கைபேசியில் எங்களுக்குக் காட்டினான். அதன்பிறகு இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை.

2022-இல், முக்காட்டுக்காக ஈரான் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மஹ்சா அமினி என்ற குர்துப் பெண் செத்த செய்தியில் 'சக்கேஸ்' என்ற பெயரைக் கேட்டபோது சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். போர் நடந்தபோது ஒரு யூடியூப் சேனலில் 'குர்துகள் இஸ்ரேலின் கையாட்கள்' என்று அரைமணி நேரம் பேசினார்கள். மறுநாள் இன்னொன்றில் 'அமெரிக்கா தயார் செய்யும் குர்துப் படை' என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே குர்து மனிதன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். இவர்கள் சொல்வது எந்தக் குர்துகளை? அவர்கள் உண்மையில் யார் பக்கம்? நம்பிப் பார்க்க எங்கே போவது?

இதை ஏன் இவ்வளவு வருத்தப்பட்டுக் கேட்கிறேன் என்றால், ஒக்கிப் புயலுக்குப் பிறகு 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் நானும் உண்டு. என் மச்சான் போன படகு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு தொலைக்காட்சியில் மீனவர்கள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள் என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சித்தி என் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அப்படியானால் என் மகன் எங்கே என்று என்னைக் கேட்டாள். செய்தியில் ஒரு வரி தப்பாக ஓடினால் கேட்கிறவன் நெஞ்சில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் சிஸ்டர்:

தம்பி, படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. நான் இராக்கில் குர்துப் பகுதியின் தலைநகரான எர்பிலில் நாலரை வருடம் நர்சாக இருந்தவள். அங்குள்ளவர்கள் அந்த ஊரை ஹவ்லேர் என்பார்கள். 2014 ஜூலையில் திக்ரித்தில் மாட்டிக்கொண்ட 46 கேரள நர்சுகள் வீடு திரும்ப விமானம் ஏறினார்களே, அந்த ஊர்தான்.

யார் பக்கம் என்ற கேள்வியே அவர்களை நோகடிக்கும். துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாட்டில் பிரிந்து கிடக்கிற மக்கள் அவர்கள். மொழியிலேயே சொரானி, குர்மாஞ்சி என்று பிரிவு உண்டு. ஒன்று அரபு எழுத்தில், மற்றது பெரும்பாலும் லத்தீன் எழுத்தில். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரோடு துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்ட காலமும் உண்டு, தொண்ணூறுகளில் நடந்தது. இராக்கில் மட்டும்தான் சட்டப்படி அவர்களுக்குத் தனி அரசாங்கம், தனி நாடாளுமன்றம் எல்லாம் இருக்கிறது. அங்கேயும் 2017 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்து நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தனிநாடு என்று சொன்னார்கள். அடுத்த மாதமே குர்துகள் கையில் இருந்த கிர்குக் நகரத்தை இராக் ராணுவம் பிடித்துக்கொண்டது. இஸ்ரேல் வாயால் ஆதரவு சொன்னதைத் தவிர, உலகத்தில் ஒரு நாடும் கூட நிற்கவில்லை.

ஹலப்ஜா என்ற குர்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா எங்கள் வார்டில் அடிக்கடி சேர்வார். 1988 மார்ச் 16 அன்று சதாம் உசேனின் விமானங்கள் அந்த ஊரில் விஷவாயு குண்டு போட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள். இவர் பிழைத்தார், நுரையீரல் பிழைக்கவில்லை. ராத்திரி ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஆப்பிள் வாசனைதான் வந்தது மகளே என்பார். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார், நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி உட்காருவேன்.

அந்த அம்மாவின் மகன் சொன்ன விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. ஹலப்ஜாவில் ஒரு பெரிய நினைவு மண்டபம் கட்டினார்கள். வருடாவருடம் தலைவர்களும் வெளிநாட்டு விருந்தினரும் கேமராவோடு வருவார்கள், போவார்கள். ஊரில் நல்ல ரோடு இல்லை, குடிதண்ணீர் இல்லை. 2006 மார்ச் 16 அன்று, அதே நினைவு நாளில், ஊர்மக்களே திரண்டு போய் அந்த மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு பையன் செத்தான். சுட்டது சதாம் ஆள் இல்லை தம்பி, குர்து அரசாங்கத்தின் காவலர்கள். எங்கள் பிணத்தைக் காட்டி நீங்கள் பெரிய ஆளாகாதீர்கள் என்பதுதான் அந்த மக்கள் சொன்னது. 'குர்துகள்' என்று ஒரே வார்த்தையில் பேசுகிற எந்தச் சேனலிலும் இது வராது.

அங்கேயே டிவிக்கும் கட்சி உண்டு. ருதாவ் என்றால் பார்சானி கட்சிப் பக்கம், குர்த்சாட் என்றால் தலபானி கட்சிப் பக்கம். வார்டில் ரிமோட்டை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே எந்த வட்டாரத்துக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் சாயாமல், அங்குள்ள இன்னொரு நகரமான சுலைமானியாவில் என்ஆர்டி என்று ஒரு சேனல் தொடங்கினார்கள். 2011 பிப்ரவரியில் மக்கள் ஊழலை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததை அது காட்டியது. சில நாளிலேயே அதன் நிலையத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

தோவாளைத் தோட்டக்காரர்:

அண்ணாச்சி, உங்கள் நண்பர் நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பேச வேண்டும். துருக்கியில் பிகேகே என்ற குர்து அமைப்பு 1984-இலிருந்து ஆயுதம் எடுத்து நடத்திய சண்டையில் இரு தரப்பிலும் சுமார் 40,000 பேர் செத்திருக்கிறார்கள். ஆசிரியர்களையும் ஊர்க்காவல் படையினரின் குடும்பங்களையும்கூடக் கொன்றிருக்கிறார்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பயங்கரவாத அமைப்பு என்றே பட்டியலில் வைத்திருக்கின்றன. எல்லாக் குர்துகளும் பாவம் என்று சொல்லிவிட்டால் அதுவும் ஒருபக்கச் செய்திதானே.

குளச்சல் வள்ளக்காரன்:

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி. செத்த ஆசிரியருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். ஆனால் என் சங்கடம் வேறு. சண்டை நின்ற மறுநாள், ஜூன் 25 அன்று, ஈரானின் ஊர்மியா சிறையில் மூன்று பேரை இஸ்ரேலுக்கு உளவு பார்த்ததாகச் சொல்லித் தூக்கில் போட்டார்கள். மூன்று பேரும் குர்துகள், அதில் ஒருவர் இராக் நாட்டுக்காரர். சரக்கு கடத்துகிற மாதிரி ஆளைக் கொல்வதற்கான கருவிகளைக் கடத்தினார்கள் என்பது அரசாங்கத்தின் குற்றச்சாட்டு. சரக்கு சுமக்கிறவன் என்று படித்ததுமே அந்தத் தழும்புதான் கண்ணில் வந்தது. 'குர்து என்றால் உளவாளி' என்று இங்கே நம் சேனல்கள் பேசுகிற பேச்சு, அங்கே ஒருவன் கழுத்துக்குக் கயிறு ஆகிறது. இங்கே மீனவன் எல்லை தாண்டினான் என்று மூன்றே வார்த்தையில் செய்தி போடுவார்கள். காற்றும் நீரோட்டமும் இழுத்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வலி எனக்குப் பழக்கம்.

புதுக்கடை ஓய்வாசிரியர்:

மக்களே, எனக்கு எண்பது வயது. மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954 ஆகஸ்ட் 11 அன்று எங்கள் புதுக்கடையிலும் மார்த்தாண்டம் தொடுவட்டியிலும் போலீஸ் சுட்டபோது எனக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட கூட்டம் அது. அப்பா வேட்டியில் யாரோ ஒருவருடைய ரத்தத்தோடு வீடு வந்தார். அம்மா அந்த வேட்டியைத் துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை, பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் வந்த பத்திரிகை ஒன்று எங்களைக் கலகக்காரர் என்று எழுதியிருந்தது. அப்பா அதைச் சத்தமாகப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது. அன்று எங்களை ஆண்ட திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பட்டம் தாணு பிள்ளை அரசு பதவி விலக வேண்டும் என்று அவர் கட்சியைச் சேர்ந்த லோகியாவே சொன்னார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். இரண்டே ஆண்டில், 1956 நவம்பர் 1 அன்று, நாங்கள் கேட்டது கிடைத்தது.

குர்துகளுக்கும் கிட்டத்தட்டக் கிடைத்தது. முதல் உலகப் போர் முடிந்து 1920-இல் செவ்ரே ஒப்பந்தம் எழுதியபோது குர்திஸ்தானுக்கு அதில் இடம் இருந்தது. 1923-இல் லோசான் என்று வேறொரு ஒப்பந்தம் போட்டார்கள், அதில் அவர்கள் பெயரே இல்லை. 1946 ஜனவரியில் ஈரானின் மஹாபாத் நகரில் ஒரு குடியரசு அறிவித்தார்கள். சோவியத் படை விலகியதும் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதன் தலைவர் காஸி முகமதுவை, அறிவிப்பு நடந்த அதே சதுக்கத்தில், 1947 மார்ச் 31 அன்று தூக்கிலிட்டார்கள். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டது ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறுவது. அவர்களுக்கு எந்தத் திசையில் நடந்தாலும் வேறொரு நாட்டின் ராணுவம்.

நான் தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் தைக்கிறது. துருக்கி மொழியின் எழுத்துவரிசையில் இல்லாத மூன்று லத்தீன் எழுத்துகள் குர்திய மொழிக்கு வேண்டும். க்யூ, டபிள்யூ, எக்ஸ். அவர்களுடைய புத்தாண்டான நவ்ரோஸ் பண்டிகை அழைப்பிதழில் குர்திய முறைப்படி டபிள்யூ போட்டு அச்சடித்ததற்காக மேயர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 2013-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. 'ழ' எழுதியதற்காக ஒருவனைக் கூண்டில் ஏற்றினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லைலா சானா என்ற குர்துப் பெண் 1991-இல் துருக்கி நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டு, துருக்கிய மக்களும் குர்து மக்களும் சகோதரர்களாக வாழவேண்டும் என்று ஒரு வரி குர்திய மொழியில் சொன்னார். பிற்பாடு பத்து ஆண்டு சிறையில் இருந்தார். அவர்களுடைய முதல் செய்தித்தாளே 1898-இல் கெய்ரோவில் அச்சானதுதான், சொந்த ஊரில் அச்சிட வழியில்லாமல்.

தோவாளைத் தம்பி சொன்ன ஆயுதம் பற்றி. 2025 மே மாதம் பிகேகே தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலை 11 அன்று சுலைமானியா பக்கத்தில் ஆணும் பெண்ணுமாக 30 பேர் துப்பாக்கிகளை ஒரு பெரிய அண்டாவில் போட்டு எரித்தார்கள். நம் தொலைக்காட்சியில் ஏவுகணைக்கு இருந்த நேரம் அந்த அண்டாவுக்கு இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.

நாகர்கோவில் நிருபர்:

நான் ஒரு சின்ன இணைய இதழில் வேலை செய்கிறேன். எங்கே போய்ப் பார்ப்பது என்று வள்ளக்காரர் அண்ணன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மஹ்சா அமினி விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் இரண்டு பெண் நிருபர்கள். மருத்துவமனை நடையில் அவள் குடும்பத்தார் கட்டிப்பிடித்து நிற்கிற படத்தை வெளியிட்டவர் நிலூஃபர் ஹமேதி. சக்கேஸுக்கே போய் அடக்கத்தை எழுதியவர் இலாஹே முகமதி. இருவரும் ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, 2024 ஜனவரியில்தான் ஜாமீனில் வந்தார்கள். அந்த அடக்கத்தில்தான் பெண்கள் முக்காட்டைக் கழற்றி 'ஜின், ஜியான், ஆசாதி' என்று முழங்கினார்கள். பெண், வாழ்வு, விடுதலை. அது குர்திய முழக்கம். டெஹ்ரானுக்குப் போனதும் பாரசீகத்தில் மாறியது, உலகத்துக்குப் போனதும் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோனது. அந்தப் பெண்ணின் பெயரும் அப்படித்தான். பதிவேட்டில் மஹ்சா, வீட்டில் ஜினா. 2015-இல் துருக்கிக் கடற்கரையில் இறந்து குப்புறக் கிடந்த குர்து அகதிக் குழந்தை ஆலன் குர்தியையும் முதலில் உலகமே அய்லான் என்றுதான் எழுதியது. ஆகவே என் சொந்த வழக்கம் ஒன்று: ஒரு செய்தியில் அந்த ஊரின் பெயர், அங்கே பேசிய ஆளின் வார்த்தை, எடுத்த நாள் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பேன். 'குர்துகள்' என்று மட்டும் இருந்தால் தள்ளிவிடுவேன். படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பழையதா என்றும் பார்த்துவிடுங்கள்.

போரின்போது ஜூன் 18 வாக்கில் ஈரானில் இணையத்தையே அறுத்தார்கள். அந்த நாட்களில் உள்ளிருந்து வந்ததாக ஓடிய வீடியோக்களை நான் தொடவே இல்லை.

குளச்சல் வள்ளக்காரன்:

சார், சிஸ்டர், தம்பி, அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. ஜினா என்று தம்பி எழுதியதைப் படித்தபோது ஞாபகம் வந்தது. அந்த ரொட்டிக்காரனுக்கும் இரண்டு பெயர். அடையாள அட்டையில் ஒன்று, அவன் அம்மா போனில் கூப்பிடுவது வேறொன்று. நாங்கள் அட்டைப் பெயரைச் சொல்லித்தான் இரண்டு வருடமும் கூப்பிட்டோம். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அதனால் இரண்டையும் இங்கே எழுதவில்லை. அவனுடைய பழைய எண் என்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கலாமா, அதனால் அவனுக்கு ஏதாவது வருமா? சிஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டம் சிஸ்டர்:

போரைப் பற்றிக் கேட்காதீர்கள் தம்பி. செய்தி லிங்க் எதுவும் அனுப்ப வேண்டாம், இந்தப் பக்கத்தையும் அனுப்ப வேண்டாம். உளவு என்று சொல்லி நிறையப் பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம். 'சோனி? பாஷி?' என்று மட்டும் கேளுங்கள். எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம். அவன் பக்கத்தில் சொரானிதான் பேசுவார்கள், புரியும்.

குளச்சல் வள்ளக்காரன்:

இன்று காலை என் கூடப்பிறந்த தம்பியின் வள்ளத்தில் நல்ல சாளை. ஒரு கூடையைப் படம் பிடித்து, கீழே பாரசீக எழுத்தில் மாஸி என்று போட்டு அனுப்பினேன். எழுத்தைப் பேரன் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். அப்புறம் குரலில் சோனி, பாஷி என்று சொன்னேன். அவன் அம்மா கூப்பிடுகிற பெயரைத்தான் முதலில் சொன்னேன்.